படகு போன பிறகு வந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ள நிவாரணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதோடு போட்டிருந்த படங்களில் ஒன்றைத் தவிர எல்லாமே மீட்புப் படகுப் படங்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை முக்கி எடுத்தபோது, வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். படகு மூன்று நாள் சமாச்சாரம். தண்ணீர் வடிந்த பிறகு வந்தவர்களைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது, நாற்றம்தான் இருக்கும்.

படகுக்காரர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் அருகே கரை ஏறிய ஹார்வி, மற்ற புயல்களைப் போல உள்ளே போய் ஓய்ந்துவிடாமல் டெக்சஸ் கரையோரத்தையே சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் கொட்டியது. நெடர்லேண்ட் என்ற சின்ன ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். முன்கூட்டியே ஊரைக் காலி செய்யச் சொல்லியிருக்கலாமே என்று மேயர் சில்வெஸ்டர் டர்னரைப் பலர் திட்டினார்கள். 2005-ல் ரீட்டா புயலின்போது லட்சக்கணக்கான ஜனம் ஒரே நேரத்தில் கிளம்பி, கார்கள் நெடுஞ்சாலையில் சிக்கி, வெயிலிலும் ஒரு பேருந்துத் தீயிலுமாக நூறு பேர் அளவுக்குச் செத்தது இந்த ஊருக்கு மறக்கவில்லை. அதனால் எல்லாரும் வீட்டிலேயே இருந்தோம். தண்ணீர் உள்ளே வந்தது. அவசர உதவி எண்ணான 911-க்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியின் ஜட்ஜ் எட் எம்மெட் (பெயர்தான் ஜட்ஜ், வேலை நிர்வாகம்), படகு வைத்திருப்பவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார்.

வந்தார்கள். பக்கத்து மாநிலமான லூசியானாவிலிருந்து 'கேஜன் நேவி' வந்தது. நேவி என்று பேரே தவிர சீருடையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. மீன் பிடிக்கவும் வாத்து சுடவும் போகிறவர்கள், தட்டைப் படகுகளை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். 2005-ல் கத்ரீனா புயல் அவர்கள் மாநிலத்து நியூ ஆர்லியன்ஸை அழித்தபோது அந்த ஜனங்களை ஆயிரம் ஆயிரமாக ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில் தங்கவைத்துச் சோறு போட்டது இந்த ஹூஸ்டன்தான். அந்தக் கணக்கு அவர்களுக்கு நினைவிருந்தது. லஃப்கின் என்ற ஊரிலிருந்து நண்பர்களோடு படகில் வந்த ஓர் இளைஞர் மீட்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். சிறுவயதில் மெக்சிகோவிலிருந்து வந்து, அப்படி வந்தவர்களை நாடு கடத்தாமல் விட்டுவைக்கிற ஒபாமா காலத்துச் சலுகையில் இங்கே இருந்தவர். உடல் கிடைத்த இரண்டாம் நாள், செப்டம்பர் 5 அன்று, அந்தச் சலுகையையே நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு பார்க்கர் நீர்த்தேக்கத்தின் மேல்பக்கம், கேட்டி ஊர் அருகே. நீர்த்தேக்கம் நிரம்பினால் தண்ணீர் வந்து நிற்கிற இடத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஓட்டம் இல்லாமல் சத்தம் இல்லாமல் ஏறிய தண்ணீர், இடுப்பளவில் கிட்டத்தட்ட ஒரு வாரம் நின்றது. திரும்பி வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே சோபா மிதந்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டத்தின் மேல் 'ஷீட்ராக்' என்கிற ஜிப்சம் பலகை, நடுவில் பஞ்சு. நனைந்தால் ரெண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குச் சுவரை அறுத்து, பஞ்சைப் பிடுங்கி, ஆணியைக் கழற்றி, சட்டங்களைக் காய விட வேண்டும். ஆள் வைத்துச் செய்யலாம் என்றால் ஊரில் ஆளே இல்லை. மூழ்கிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடும் இல்லை. எங்களுக்கும் இல்லை. நானும் கணவரும் ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க முயன்றதில் பாதி ஹால்தான் முடிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஏதோ ஒரு தேவாலயத்திலிருந்து, எந்தச் சபை என்று கேட்கவே மறந்துவிட்டோம். கடப்பாரை, முகமூடி, கையுறை, குப்பைப் பை, குடிக்கத் தண்ணீர் எல்லாம் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். ஃபிரிட்ஜைத் திறக்கப் போன என்னைத் தடுத்து, அதைச் சுற்றி டேப் ஒட்டி அப்படியே வெளியே உருட்டினார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சமையலறையிலிருந்து கிரைண்டர் கல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, இது உடற்பயிற்சி எடையா, வைத்துக்கொள்ளவா, எறியவா என்று கேட்டான். பத்து நாளில் நான் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். ஒவ்வொரு பொருளையும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வெளியே கொண்டுபோனார்கள். நனைந்த கல்யாண ஆல்பத்தை ஒரு பாட்டி வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கார் மேல் காயவைத்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் வீடு எலும்புக்கூடாக நின்றது, வாசலில் ஆளுயரத்துக்குக் குப்பை.

அப்புறம் ஒரு பெண்மணி வந்தார். மூழ்காத தெருவில் குடியிருப்பவர், அதற்கு முன் பார்த்ததே இல்லை. அழுக்குத் துணியைக் கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்றார். நான் மாட்டேன் என்றேன். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய துணி, உள்ளாடை எல்லாம் அதில் இருக்கிறது, எப்படிக் கொடுப்பது? அவர் நகரவில்லை. மூன்று மூட்டை கொண்டுபோய் அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தார். என் ஆறு கஜப் புடவையைப் போர்வை மடிக்கிற மாதிரி சதுரமாக மடித்திருந்தார். உதவி செய்வது சுலபம், வாங்கிக்கொள்ளத்தான் எனக்குத் தெரியவில்லை. யார் வந்தாலும் முதல் நாலு நாள் "பரவாயில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றுதான் சொன்னேன். அந்த வார்த்தையை நம்பித் திரும்பிப் போனவர்களும் உண்டு. உதவப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார்கள், ஒரே நாளில் பதினேழு டப்பா சாப்பாடு வந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் சாம்பார் சாதத்தை என்ன செய்வது? புளியோதரை கொண்டுவந்தவர்தான் விவரமானவர். பிறகு ஒரு தோழி யார் எந்த வேளைக்கு என்று பட்டியல் போட்டாள், அது இரண்டு மாதம் ஓடியது. பழைய துணி மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதைப் பிரிக்கவே தனியாக ஆள் தேவைப்பட்டது. உங்கள் கட்டுரையில் துணி சேகரிப்பைப் பாராட்டியிருந்ததால் இதைச் சொல்கிறேன். சமாளித்தவர்கள் எல்லாம் கையில் இருந்ததை வைத்துத்தான் சமாளித்தார்கள். எல் பொலியோ பேக்கரியின் ஊழியர்கள் தண்ணீர் சூழ்ந்து இரண்டு நாள் கடையிலேயே மாட்டிக்கொண்டபோது, சும்மா இராமல், கடையில் இருந்த மாவையெல்லாம் ரொட்டியாகச் சுட்டுத் தள்ளினார்கள். மேட்ரஸ் மேக் என்று ஊரே கூப்பிடுகிற ஜிம் மெக்கிங்வேல் தன் ஃபர்னிச்சர் கடைகளைத் திறந்துவிட்டு, விற்க வைத்திருந்த மெத்தைகளிலேயே ஜனங்களைப் படுக்கவைத்தார்.

இதெல்லாம் எல்லாருக்கும் கிடைத்ததா என்றால், இல்லை. ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் போர்ட் ஆர்தர். எண்ணெய் ஆலைகள் உள்ள, ஆனால் காசில்லாத ஊர். அங்கே ஜனங்களைத் தங்கவைத்த முகாமுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, அவர்களை மறுபடி வேறிடத்துக்குத் தூக்க வேண்டியதாயிற்று. எங்கள் தெருவுக்கு மூன்று குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. நாங்கள் இங்கிலீஷில் பதிவு போடத் தெரிந்தவர்கள், எங்கள் முகவரி சுற்றியது. வாடகைக் குடியிருப்புகளில் கீழ்த்தளத்தில் இருந்தவர்களின் முகவரி எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்? எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் இது.

அந்த ஒன்பது பேர் போகும்போது ஒரு சின்னக் கடப்பாரையை விட்டுவிட்டுப் போனார்கள். மறந்தார்களா, வேண்டுமென்றே வைத்தார்களா தெரியவில்லை. எங்கள் வீடு முடிந்ததும் அது பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கிருந்து எதிர் வீட்டுக்கு. 2019 செப்டம்பரில் இமெல்டா புயல் பியூமான்ட் பக்கம் வெள்ளம் கொண்டுவந்தபோது என் கணவரும் நாலு நண்பர்களும் ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது கடப்பாரை இல்லை. எங்கே என்றேன். அந்த வீட்டில் இன்னும் வேலை பாக்கி இருந்தது என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹூஸ்டன், டெக்சஸ்