நடுக்குவாத நோயாளிகளுக்கு வெந்நீர்ப் பயிற்சிக் குளம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் பெரியவர்கள் நடுக்குவாதம் என்று சொல்லும் பார்க்கின்சன் நோயால் அவதிப்படுவோர் வெதுவெதுப்பான நீரில் இறங்கி உடற்பயிற்சி செய்வதற்கென, தஞ்சாவூரில் சிறு குளம் ஒன்றைக் கட்டி வருகிறோம். பணி பாதியில் நிற்பதால் உங்கள் உதவியை நாடி இதை எழுதுகிறோம்.

மூளையில், உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது இந்நோய். பிறர் கண்ணில் முதலில் படுவது கைநடுக்கம். நோயாளியை வீட்டோடு முடக்கிப் போடுவதோ உடல் விறைப்பும் நடைத் தடுமாற்றமும் விழுந்துவிடுவோமோ என்ற பயமும். லெவோடோபா மாத்திரை விறைப்பைப் பெருமளவு தளர்த்துகிறது. தடுமாற்றத்துக்கு அது அந்த அளவு பயன்படுவதில்லை என்பதால், உடற்பயிற்சியை விட்டுவிட முடியாது.

எங்கள் பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குக் கூடத்தில் நடக்கும் கால், நிலைப்படியருகே வந்ததும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனைவி பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால்தான் எழும். முதல் நாள் கைப்பிடிக் கம்பியை விரல் வெளுக்கப் பற்றியபடி நீரில் நின்றவர், சில வாரங்களில் கம்பியை விட்டுவிட்டுப் பின்னோக்கி நான்கு அடி வைத்தார். "இங்க விழுந்தாலும் மெதுவாத்தானே விழுவேன்" என்றார். உண்மைதான்: மார்பளவு நீர் உடல் எடையில் பாதிக்கு மேல் தாங்கிக்கொள்வதோடு, சாயும் உடலையும் மெதுவாகவே சாயவிடுவதால், காலை எடுத்து வைத்துச் சமாளிக்க அவகாசம் கிடைக்கிறது. தரையில் அந்த அவகாசம் கிடையாது.

இதுவரை தனியார் நீச்சல் குளம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினோம். இப்பயிற்சிக்கு நீர் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் தசைகள் மேலும் இறுகிவிடும். மார்கழி பிறந்ததும் பயிற்சியை நிறுத்த நேர்ந்தது. மாசியில் மீண்டும் தொடங்கியபோது, தலைமையாசிரியர் முதல் நாள் போலவே கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். அன்றுதான் சொந்தக் குளம் கட்டியே தீருவது என்று முடிவெடுத்தோம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. வெண்ணாற்றிலும் புது ஆற்றிலும் நீந்தி வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர். நன்றாக நீந்தியவர்களுக்கும் இந்நோயில் நீச்சல் கைவிட்டுப் போவதுண்டு. ஆகவே நோயாளி எவரும் தனியே ஆற்றில் இறங்க வேண்டாம். எங்கள் குளத்திலும் மருத்துவரின் ஒப்புதல் பெற்றவர்களையே, ஒருவருக்கு ஒரு துணையாள் வீதம், இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் இறக்குவோம்.

குளம் 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் ஆழமும் உடையது; ஏறத்தாழ 29,000 லிட்டர் நீர் கொள்ளும். இவ்வளவு நீரை 27 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்குக் கொண்டுவர, வெப்ப இழப்பைக் கணக்கில் சேர்க்காமலே, சுமார் 230 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண ஹீட்டரை வைத்தால் மின்கட்டணம் கட்டி மாளாது என்பதால், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஹீட் பம்ப்பும், இரவில் சூடு தங்குவதற்கு மேல்மூடியும் வாங்கத் தீர்மானித்துள்ளோம். செங்குத்தான இரும்பு ஏணியில் இவர்களால் இறங்க முடியாது. இருபுறமும் கைப்பிடி வைத்த சாய்தளம் கட்டாயம் வேண்டும். வரும் பணம் முதலில் இவற்றுக்கே செலவாகும். பளிங்கும் அலங்கார விளக்கும் எங்கள் திட்டத்தில் இல்லை.

நிலம் கிடைத்து, அடித்தளக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கைக் குழுவின் பொருளாளரிடம் எவரும் கேட்டுப் பார்க்கலாம். வரிவிலக்குச் சான்று இன்னும் கைக்கு வரவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். சிமென்ட், குழாய், கைப்பிடிக் கம்பி எனப் பொருளாகவும் தரலாம். பணமோ பொருளோ தர இயலாதவர்கள், வாரத்தில் இரண்டு நாள் காலை வேளையில் ஒரு மணி நேரம் நீரில் இறங்கி ஒருவருக்குத் துணையாக நிற்க முன்வந்தால், அதற்கும் பெயர் பதிந்துகொள்கிறோம்.

இங்ஙனம்,
குளம் அமைப்புக் குழுவினர், தஞ்சாவூர்