காப்பகங்களின் தர அங்கீகாரம்: பட்டியலில் பெயர் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியாவிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் தங்களிடம் சேர்ந்துள்ள கூட்டக் குறிப்பேடுகள், ஆண்டு மலர்கள், துண்டறிக்கைகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை உள்ளூர்க் கவுன்சில்களின் ஆவணக் காப்பகங்களில் ஒப்படைப்பது பற்றிப் பேசத் தொடங்கியிருக்கின்றன. அந்தச் சங்கங்களையும் பள்ளிகளையும் தொடங்கியவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். பெட்டிகளோ யாரோ ஒருவர் வீட்டுக் கார்க் கொட்டகையில் ஈரம் ஏறிக் கிடக்கின்றன. ஆகவே இது வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் ஒப்படைக்கப்போகும் காப்பகத்தின் நிலை என்ன என்று ஒருவர் எழுந்து கேட்டால், அது தேசிய அங்கீகாரம் பெற்ற காப்பகம் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த அங்கீகாரம் எதைப் பார்த்து வழங்கப்பட்டது, எதைத் திருத்திக்கொள்ளச் சொல்லி வழங்கப்பட்டது என்று காட்டும் பதிவுகளைப் பொதுமக்கள் மனுப் போடாமலே படிக்கும்படி காப்பகங்கள் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காப்பகச் சேவைகளுக்கான தர அங்கீகாரத் திட்டம் 2013ஆம் ஆண்டு பிரித்தானியா முழுமைக்கும் அறிமுகமானது. லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் உரிய அமைப்புகளோடும் காப்பகப் பணியாளர்களின் தொழில்சார் சங்கத்தோடும் சேர்ந்து இதை நடத்துகிறது. விண்ணப்பிக்கும் காப்பகம் மூன்று பகுதிகளில் மதிப்பிடப்படுகிறது: அதன் நிர்வாகமும் நிதியும் ஆளணியும் எப்படி இருக்கின்றன, சேகரிப்புகள் எப்படிச் சேர்க்கப்பட்டு, விவரப்பட்டியலிடப்பட்டு, பாதுகாக்கப்படுகின்றன, பயன்படுத்துவோருக்கு என்ன வசதி கிடைக்கிறது. மதிப்பீட்டின் முடிவில் முழு அங்கீகாரமோ தற்காலிக அங்கீகாரமோ வழங்கப்படலாம், மறுக்கவும்படலாம். முழு அங்கீகாரம் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு உரியது. இடையில் மூன்றாம் ஆண்டளவில் ஒரு மறுபார்வை உண்டு.

இந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. சட்டம் தராத ஓர் அளவுகோலை அது தந்திருக்கிறது. இங்கிலாந்தில் கவுன்சில்கள் பொதுநூலகம் நடத்தியே ஆக வேண்டும் என்று 1964ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆவணக் காப்பகத்துக்கு அவ்வளவு தெளிவான கட்டளை கிடையாது. 1962ஆம் ஆண்டின் உள்ளூராட்சிப் பதிவேடுகள் சட்டம் கவுன்சில்களுக்கு அதிகாரம் தருகிறதே ஒழியக் கட்டாயப்படுத்தவில்லை. 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 224ஆம் பிரிவு, தம்மிடமுள்ள ஆவணங்களுக்கு உரிய ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று மட்டும் கூறுகிறது. உரிய ஏற்பாடு என்பது எத்தனை ஊழியர், எவ்வளவு குளிர்ச்சியான அறை, வாரத்தில் எத்தனை நாள் திறப்பு என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. பணம் குறையும்போது கவுன்சில்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் காப்பகமும் ஒன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நோர்தாம்டன்ஷயரில் நடந்ததை நினைவுகூர்ந்தால் போதும். அங்கே காப்பகத்தின் கட்டணமில்லா நேரத்தைக் குறைத்து, அதற்கு வெளியே வந்து பார்ப்பவர்களிடம் மணிக்கு 31.50 பவுண் வாங்கும் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர்களும் குடும்ப வரலாறு தேடுபவர்களும் திரண்டு எதிர்த்ததால் கவுன்சில் அதை மீண்டும் பரிசீலிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அதே கவுன்சில், புதிய செலவுகளை நிறுத்திவைக்கும் நிதி முடக்க அறிவித்தல் வெளியிட்டது. ஒரு காப்பகத்தின் நலம் அதை நடத்தும் அமைப்பின் கருவூலத்தோடு எவ்வளவு கட்டுண்டது என்பது அப்போது வெளியாயிற்று. சுவரில் தொங்கும் சான்றிதழ் இதைச் சொல்லாது. விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் வரவுசெலவு விவரமும் முன்னோக்குத் திட்டமும்தான் சொல்லும்.

அந்தப் பதிவுகளில் வேறு என்ன இருக்கும் என்பதையும் வாசகர்கள் அறிவது நல்லது. எந்தப் பொருளை ஏற்பது, எதை ஏற்காமல் விடுவது என்ற சேகரிப்புக் கொள்கை, விவரப்பட்டியலிடப்படாமல் தேங்கிக் கிடக்கும் பெட்டிகளின் அளவு, இடம் எப்போது நிரம்பும் என்ற கணிப்பு, சேமிப்பு அறைகளின் வெப்பமும் ஈரப்பதமும், தீயும் வெள்ளமும் வந்தால் என்ன செய்வது என்ற அவசரத் திட்டம், கணினியில் மட்டுமே உள்ள கோப்புகளைக் காக்கும் ஏற்பாடு. இவற்றில் தமிழ்ச் சங்கத்துக்கு நேரடியாகப் பட வேண்டியது தேக்கம்தான். ஆங்கிலம் தவிர்ந்த மொழியிலுள்ள பெட்டி ஒன்றைத் திறந்து விவரப்பட்டியல் எழுத அந்த மொழி தெரிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத காப்பகத்தில் நம் குறிப்பேடுகள் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் யார் தேடினாலும் அகப்படா. மதிப்பீட்டாளர்கள் இதைக் கேட்டார்களா, காப்பகம் என்ன பதில் சொன்னது என்பதை ஒப்படைப்பவர் அறிய வேண்டாமா?

தகவல் சுதந்திரச் சட்டம் 2000 இருக்கிறதே, மனுப் போட்டுப் பெறலாமே என்று சொல்வார்கள். உண்மைதான். 2005 ஜனவரி முதல் அந்த உரிமை நடைமுறையில் உள்ளது. கவுன்சில் 20 வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தின் ஒரு பிரதி தேசிய ஆவணக் காப்பகத்திடமும் இருக்கும் என்பதால், இங்கிலாந்தைப் பொறுத்தவரை ஒரே கேள்வியை இரண்டு இடங்களில் கேட்கலாம். தேடும் வேலைக்கான செலவு வரம்பு கவுன்சிலுக்கு 450 பவுண், அதாவது 18 மணிநேர வேலை. ஒரே கோப்பில் இருக்கும் அங்கீகாரப் பத்திரங்களைத் தேட இந்த வரம்பைக் காட்டி மறுப்பது பொருந்தாது. எனினும், சட்டத்தின்படி கேட்டவருக்கு மட்டும் கிடைப்பதற்கும் எல்லோரும் பார்க்க இணையத்தில் கிடப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆவணங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு சேவை, தன்னைப் பற்றிய ஆவணத்துக்கு மட்டும் மனு எழுதச் சொல்வது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

முழுவதையும் அப்படியே வெளியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரிய பொருட்கள் எந்த அறையில், எந்தப் பூட்டுக்குள் உள்ளன என்பது திருடனுக்கு உதவும் தகவல். குற்றத்தடுப்பு குறித்த 31ஆம் பிரிவின் கீழ் அதை மறைப்பது நியாயம். ஒப்படைத்தவர்களின் வீட்டு முகவரியும் ஊழியர்களின் தனிப்பட்ட விவரங்களும் 40ஆம் பிரிவில் அடங்கும். மதிப்பீடு முடியுமுன் நடக்கும் மனந்திறந்த உரையாடலைக் காக்க 36ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்குத் தகுதிபெற்ற அதிகாரி ஒருவரின் கருத்து வேண்டும், பொதுநலனையும் எடைபோட வேண்டும். முடிவு அறிவிக்கப்பட்டபின் அந்தக் காரணத்தின் வலு வெகுவாகக் குறைந்துவிடும் என்றே நான் கருதுகிறேன். குறையை வெளியிட்டால் காப்பகங்கள் இனி உண்மையைச் சொல்லத் தயங்கும் என்ற வாதமும் உண்டு. அது முழுவதும் தவறல்ல. ஆனால் கூரை ஒழுகுவதை மதிப்பீட்டாளருக்குச் சொன்ன காப்பகர், அதே வரியைக் காட்டித் தம் கவுன்சிலிடம் பணம் கேட்கவும் முடியும். வரி கட்டுபவர்களும் அதைப் படித்திருந்தால் அவர் கேட்பதற்குப் பலம் கூடும்.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. சில கவுன்சில்கள் காப்பகத்தை அறக்கட்டளையிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ ஒப்படைத்துவிட்டன. யார்க் நகரில் 2014 முதல் நூலகங்களையும் காப்பகத்தையும் அத்தகைய ஒரு சமூக நலச் சங்கமே நடத்துகிறது. இத்தகைய அமைப்பு பொது அமைப்புகளுக்கு முழு உரிமையான நிறுவனமாக இருந்தால் ஒழிய, தகவல் சுதந்திரச் சட்டம் அதற்கு நேரடியாகப் பொருந்தாது. கவுன்சிலின் சார்பில் அது வைத்திருக்கும் தகவலைக் கவுன்சிலிடமே கேட்கலாம் என்று 3ஆம் பிரிவு இடம் தருகிறது. எது கவுன்சிலின் சார்பில் வைத்திருப்பது, எது தன் சொந்தம் என்ற வாதம் அங்கேதான் தொடங்கும். தர அங்கீகாரத்தின் நிபந்தனைகளிலேயே வெளியீட்டுக் கடமையைச் சேர்த்துவிட்டால் இந்த வாதத்துக்கே இடமில்லை. விதிகளைத் திருத்தும் அதிகாரம் திட்டத்தை நடத்தும் அமைப்புகளிடமே இருப்பதால் நாடாளுமன்றம் போகவும் தேவையில்லை.

அதுவரை சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டிகளை அன்பளிப்பாகக் கொடுப்பதா, உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வைப்பாகக் கொடுப்பதா என்று முடிவுசெய்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், கடைசி மதிப்பீட்டு அறிக்கையையும் அதில் கேட்கப்பட்ட திருத்தங்களில் எவை நிறைவேறின என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். மனுவில் சட்டத்தின் பெயரைக்கூடக் குறிப்பிட வேண்டியதில்லை. கேட்பவரின் உண்மைப் பெயர், பதில் வர வேண்டிய முகவரி அல்லது மின்னஞ்சல், எது வேண்டும் என்ற தெளிவான விவரம் ஆகியவை இருந்தால் போதும். இந்தியாவிலும் இலங்கையிலும் தகவல் உரிமைச் சட்டங்கள் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கே உரியவை; இங்கு அந்த வரையறை இல்லாததால், வதிவிட உரிமையோ குடியுரிமையோ இல்லாதவரும், யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்துகொண்டு இந்தச் சேகரிப்புகளை ஆராய விரும்புபவரும்கூடக் கேட்கலாம். மறுத்தால் முதலில் அதே அமைப்பிடம் உள்ளக மீளாய்வு கோர வேண்டும்; அதுவும் பயனளிக்காவிட்டால் தகவல் ஆணையரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஸ்கொட்லாந்தில் 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனி ஆணையரும் உண்டு என்பதை அங்குள்ள சங்கத்தினர் கவனத்தில் கொள்ளவும்.

இங்ஙனம்,
தமிழ்ப் பள்ளியொன்றின் முன்னாள் செயலாளர்,
வடமேற்கு லண்டன்