ஷிஷ்கினின் காடும் பென்சிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கினின் ‘பைன் காட்டில் காலை’ ஓவியத்தை அரைப்பக்கத்துக்கு வண்ணத்தில் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் ‘பள்ளிப் பாடத்தை உதறிவிட்டுக் காட்டையே குருவாகக் கொண்டவர்’ என்று கீழே இருந்த வரி ஒரு வாரமாக உறுத்துகிறது. முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். அதை அப்படியே விட மனசு வரவில்லை.

அவர் எதையும் உதறவில்லை. காமா ஆற்றங்கரை ஊரான யெலபூகாவில் 1832இல் பிறந்தவர், இருபது வயதில் மாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்து நாலு வருஷம் படித்தார். அது போதாதென்று 1856இல் பீட்டர்ஸ்பர்க் கலை அகாடமிக்குப் போனார். அங்கே படிக்கும்போதே லதோகா ஏரியிலுள்ள வலாம் தீவுக்குப் போய்ப் பாறை, பாசி, வேர், விழுந்து கிடக்கும் மரம் என்று வரைந்து தள்ளினார். அந்தத் தீவின் காட்சிகளுக்குத்தான் 1860இல் அகாடமி பெரிய தங்கப் பதக்கமும் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகையும் கொடுத்தது. அப்புறம் சூரிச்சில் ஓவியர் ருடால்ஃப் கோல்லரிடம் பயிற்சி. காட்டையும் பாடத்தையும் எங்கே பிரிப்பது?

நீங்கள் போட்ட படத்தையே இன்னொரு முறை பாருங்கள். வேரோடு சாய்ந்து முறிந்த அந்த மரத்தில் பட்டை எங்கே வெடித்திருக்கிறது, முறிந்த இடத்தில் நார் எப்படித் தெறித்திருக்கிறது என்று தெரிகிறது. வண்ணத்தை எடுத்துவிட்டாலும் மரம் நிற்கும். லோயர், ஹையர் டிராயிங் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளைப் பள்ளி வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, “இலைக்குப் போகாதே, அடிமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு, அதை முதலில் பார்” என்பேன். போஸ்டர் கலரைப் பிரிக்கத் துடிக்கும் கையைப் பென்சிலில் நிறுத்துவது பெரிய பாடு. ‘பாடம் வேண்டாம், காடு போதும்’ என்று பேப்பரில் படித்தால் அந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்குமா?

1891இல் வரைந்த ‘ஓக் காட்டில் மழை’யில் தூரத்து மரங்கள் ஈரப் பனியில் கரைந்துபோகும். ஒரே குடையில் இரண்டு பேர் நடந்து போவார்கள். கோடு இவ்வளவு கைவந்தவர் அந்தக் கோடுகளையே அழித்துக் காட்டியிருக்கிறார். எனக்கு அவர் படங்களில் மிகவும் பிடித்தது அதுதான்.

இன்னொன்று. ‘பைன் காட்டில் காலை’யில் இருக்கும் கரடிகளை வரைந்தவர் அவருடைய நண்பர் கன்ஸ்தந்தீன் சவீத்ஸ்கி. இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படத்தை வாங்கிய திரெத்தியக்கோவ் சவீத்ஸ்கியின் கையெழுத்தை நீக்கிவிட்டார். உங்கள் குறிப்பிலும் சவீத்ஸ்கியின் பெயர் இல்லை. அடுத்த இதழில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உலோகத் தகட்டில் கோடு பொறித்து அச்செடுக்கும் செதுக்கோவியத்திலும் ஷிஷ்கின் தேர்ந்தவர். பேனாவால் வரைந்த காட்டுப் படங்களும் உண்டு. அவற்றில் ஒன்றையாவது போடுங்கள். அதற்கு வண்ணப்பக்கம் தேவையில்லை, கறுப்பு வெள்ளையே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்