கிரேடு 10-இல் எத்தனை பேர் இருந்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் மெட்ரிக் (கிரேடு 12 இறுதித் தேர்வு) முடிவு வெளியானதும், டர்பனைச் சேர்ந்த சட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் வட்டாரப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைத் தாங்கள் பட்டியலாக வெளியிடுகிறீர்கள். அடுத்த சில நாள்களுக்குக் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையில்கூட எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு வாங்கியது என்பதே பேச்சு. பிள்ளையைக் கிரேடு 8-இல் எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பெற்றோர் பலர் அந்த ஓர் எண்ணை மட்டுமே நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் மகள் கிரேடு 9 முடிக்கும் தறுவாயில், பாடத் தேர்வு பற்றிப் பேசப் பள்ளிக்கு அழைத்தார்கள். அவளுடைய ரிப்போர்ட்டில் கணிதத்தில் 52, அதாவது ஏழு நிலைகளில் நிலை 4. எதிரே இருந்த ஆசிரியை அந்த எண்ணின் கீழ் பென்சிலால் ஒரு கோடிட்டு, கிரேடு 10-இல் கணிதம் வேண்டாம், மேத்ஸ் லிட்ரசி (அன்றாடக் கணக்கை மையமாகக் கொண்ட எளிய பாடம்) எடுக்கட்டும், அதுவே பாதுகாப்பு என்றார். யாருக்குப் பாதுகாப்பு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மேத்ஸ் லிட்ரசியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பது வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகே தெரிந்தது. அவளைக் கணிதத்திலேயே சேர்த்தோம் என்றாலும், எல்லா வீட்டிலும் விசாரித்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு மட்டுமே. சான்றாக, ஒரு பள்ளியில் கிரேடு 10-இல் 180 பிள்ளைகள் இருந்து, இடையில் சிலர் அதே வகுப்பில் நிறுத்தப்பட்டும் சிலர் வேறிடம் அனுப்பப்பட்டும் போக, 120 பேர் மெட்ரிக் எழுதி 114 பேர் தேறினால், நாளிதழில் வருவது 95 விழுக்காடு. தொடக்கத்தில் இருந்த 180 பேரை வைத்துப் பார்த்தால் அது 63-தான். கல்வித்துறை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளிவாரி அறிக்கையில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பது மூன்று ஆண்டுகளுக்கு அடுத்தடுத்துக் கிடைக்கிறது. எழுதியவர் எண்ணிக்கை சரிந்துகொண்டே வர, விழுக்காடு மட்டும் ஏறிக்கொண்டே போனால், ஏன் என்று கேட்க அதுவே போதும்.

தேர்ச்சி என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுமொழி எனப் பதிவான பாடத்தில் (நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது ஆங்கிலமே, அந்த வருத்தம் வேறு கடிதத்துக்கு) 40 விழுக்காடும், இன்னும் இரண்டு பாடங்களில் 40-உம், மூன்றில் 30-உம் எடுத்தால் மெட்ரிக் தேர்ச்சி கிடைத்துவிடும். 2024-ஆம் ஆண்டு நாடு முழுவதும் 87.3 விழுக்காட்டினர் தேறினார்கள். பட்டப்படிப்பில் சேரும் தகுதியோடு தேறியவர்கள் 47.8 விழுக்காட்டினரே. தங்கள் பட்டியலில் இடம்பெறுவது முதல் எண் மட்டும்.

அப்படியானால் பள்ளி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. தலைமையாசிரியர் ஆண்டுதோறும் பள்ளியின் கல்வி நிலை குறித்தும் வளங்கள் பயன்பட்ட விதம் குறித்தும் மாகாணக் கல்வித்துறைத் தலைவருக்கு அறிக்கை தர வேண்டும். பின்தங்கிய பள்ளி என்று துறை அடையாளம் கண்டால், ஆண்டுத் தொடக்கத்தில் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரித்துத் துறைக்கும், பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய பள்ளி ஆளுகைக் குழுவுக்கும் முன்வைக்க வேண்டும். அது எவ்வளவு தூரம் நடந்தது என்று ஜூன் 30-க்குள் இருவருக்கும் சொல்ல வேண்டும்.

இந்தத் தாள்களில் ஒன்றுகூடத் தானாகப் பெற்றோர் கைக்கு வருவதில்லை. நான் பள்ளி அலுவலகத்தில் கேட்டபோது, "அது துறைக்குப் போவது, உங்களுக்கு இல்லை" என்று சன்னலுக்கு அப்பாலிருந்தே பதில் வந்தது. அந்த அம்மாள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், ஆளுகைக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லோரையும் கூட்டினாலும் பெற்றோர் தரப்பு அதைவிட ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே நம்மவர்தான் பெரும்பான்மை. ஆனால் அந்தக் குழுவில் நடக்கும் பேச்சோ, பெரும்பாலும் வேலிக்கும் கழிப்பறைக் குழாய்க்கும் நிதி திரட்டும் விருந்துக்கும்தான். வேலி வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே வேலி இல்லாமல் கணினி அறை மிஞ்சாது.

ஆசிரியர்களைக் கூண்டில் நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் பள்ளிகள் பல சேதமுற்றன. அப்படிப்பட்ட பள்ளியின் எண் இறங்கினால் அதற்கான காரணத்தையும் பெற்றோர் அறிய வேண்டும். காரணம் எழுதப்பட்டிருப்பது அறிக்கையில்தானே தவிர, பட்டியலில் அன்று.

ஆளுகைக் குழுத் தேர்தல் 2024 மார்ச்சில் நடந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை என்பதால் அடுத்தது 2027-இல். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியின் வரவு-செலவுத் திட்டத்தைப் பெற்றோர் பொதுக் கூட்டத்தில் வைத்தே ஒப்புதல் பெற வேண்டும். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பிருந்தே அதைப் பள்ளியில் பார்வையிடலாம். எந்தப் பாடத்துக்கு, எந்தக் கிரேடுக்குப் பணம் போகிறது என்று அதைப் படித்துவிட்டு வந்து கேட்பவர் இரண்டு பேர் இருந்தாலே கூட்டத்தின் தொனி மாறிவிடும். சென்ற முறை எங்கள் பள்ளி மண்டபத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜனவரியில் பள்ளிகளின் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு பள்ளியின் விழுக்காட்டுக்குப் பக்கத்திலும் தேர்வு எழுதியவர் எண்ணிக்கையை மூன்று ஆண்டுகளுக்கு அச்சிடுங்கள். பட்டப்படிப்புத் தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பள்ளிகளிடமே கேட்டு வாங்கி, தர மறுக்கும் பள்ளியின் எதிரே அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
சட்ஸ்வொர்த், டர்பன்.