நீச்சல் கண்ணாடி பராமரிப்பு: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நம் பெங்களூரு குடியிருப்பின் கோடை நீச்சல் வகுப்பு ஏப்ரல் 18, சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. சென்ற ஆண்டு பல பிள்ளைகளின் நீச்சல் கண்ணாடிகள் ஒரு மாதத்திற்குள் மங்கிப்போயின (என் மகளுடையது உட்பட, தவறு என்னுடையதுதான், நாள்தோறும் துணியால் அழுத்தித் துடைத்தேன்). எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. குளத்து நீரிலுள்ள குளோரின் பட்டையையும் ரப்பர் விளிம்பையும் நாளடைவில் கெடுப்பதால், வகுப்பு முடிந்தவுடன் குளிர்ந்த நல்ல நீரில் அலசவும். வெந்நீர் வேண்டாம்.

2. கண்ணாடியின் உட்புறத்தில் பனிமூட்டத்தைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கிறது. விரலோ துண்டோ பட்டால் அது உரிந்துவிடும் என்பதால், நீரை உதறிவிட்டு நிழலில் தானாக உலர விடவும். பற்பசையால் தேய்ப்பது கூடவே கூடாது. பூச்சு தேய்ந்துபோயிருந்தால், அதற்கென விற்கப்படும் திரவத்தைப் பயன்படுத்தலாம்.

3. நம் ஊர் வெயில் இதமானதுதானே என்று காருக்குள் விட்டுவைக்காதீர்கள். மூடிய காரின் வெப்பத்தில் பட்டை விரைவில் தளர்ந்துவிடும்.

4. ஈரத்துண்டில் சுருட்டாமல், உலர்ந்தபின் உறையிலிட்டுப் பையில் வைக்கவும்.

5. உறையின் மேல் பிள்ளையின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதவும்.

புதிய பட்டை தேவைப்படுவோர், மொத்தமாக வாங்க வசதியாக, வியாழன் இரவு 9 மணிக்குள் எண்ணிக்கையை இக்குழுவில் பதிவிடவும். மற்றவர்கள் 'பார்த்தேன்' என்று பதிலளித்தால் போதும்.