ஞாயிறு மாலை 6 மணிக்கு ராக வினாடி வினா

குழு நண்பர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சியில் கர்நாடக இசை வினாடி வினா வந்த நாட்களைப் பற்றி இரண்டு நாளாக இங்கே ஓயாத பேச்சு. வயலினில் ஒரு ராகத்தின் பிடியை, அதாவது அதை அடையாளம் காட்டும் சிறு பகுதியை, வாசிப்பார்கள். போட்டியாளர் யோசிப்பதற்குள் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா “முகாரி” என்பார், அடுக்களையிலிருந்து அம்மா “இல்லை, பைரவி” என்பார். பெரும்பாலும் அம்மா சொன்னதுதான் சரியாக இருக்கும். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்களாக்கி அதன் வரிசை எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி சூத்திரம் எனக்குப் புரிந்ததே அந்த நிகழ்ச்சிகளால்தான்: தீரசங்கராபரணத்தில் ‘தீ’ 9, ‘ர’ 2, திருப்பிப் போட்டால் 29ஆவது மேளம் (தாய் ராகம்). பள்ளிக்கூடக் கணக்கு ஒருநாளும் இப்படி இனித்ததில்லை.

ஆகவே வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு நாமே ஒன்று நடத்துகிறோம். 20 வினாடி ஆலாபனை குரல்பதிவாக வரும்; முதலில் சரியாகச் சொல்பவருக்கு மதிப்பெண். ராகம் கண்டுபிடிக்கும் செயலிகளைத் தொடக் கூடாது (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்). கல்யாணி, மோகனம் வராது. அவற்றை எல்லாரும் சொல்லிவிடுவீர்கள். ரீதிகௌளையையும் ஆனந்தபைரவியையும் குழப்பிக்கொள்பவர்கள் இப்போதே கேட்கத் தொடங்குங்கள். சனிக்கிழமை இரவுக்குள் பெயர் கொடுத்துவிடவும்.