சாம்பல் கல் வாங்கும் முன்

அன்புள்ள கலாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சின்னவள் இன்னும் அதே கிட்டார், அதே பாட்டு. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டுச் சுவருக்குச் சூளையில் சுட்ட சேம்பர் செங்கல்லா, ஃப்ளை ஆஷ் கல்லா என்று கேட்டிருந்தாய். ஃப்ளை ஆஷ் கல்லே வாங்கு. அனல் மின் நிலையச் சாம்பலோடு சுண்ணாம்பும் ஜிப்சமும், அல்லது சிமெண்டும், கிரஷர் தூளும் கலந்து மெஷினில் அழுத்தி எடுப்பது அது. சூளையில் வேகவைப்பதில்லை, தண்ணீர் தெளித்து ஆறவிட்டாலே இறுகிவிடும். வயல் மேல்மண்ணை வெட்டி எடுக்கும் வேலையும் இல்லை. 1999-இல் மத்திய அரசு இதற்காகவே ஓர் அறிவிக்கை போட்டது: அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்பவர்கள் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் சேர்க்க வேண்டும் என்று.

வாங்கும்போது இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார். கணீரென்று கேட்க வேண்டும். ஒரு கல்லை நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு எடை பார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த லோடே வேண்டாம். பச்சைக் கல்லை அவசரமாக ஏற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், கல் போட்டு எத்தனை நாளாயிற்று என்று உன் மேஸ்திரியை விட்டுக் கேட்கச் சொல்.

உன் மாமியார் "சாம்பல்ல கட்டின வீடு வெளங்குமா" என்கிறாராமே? நெற்றி நிறையப் பூசாமல் காலையில் காபி குடிக்காதவர் கேட்கிற கேள்வியா இது! பாண்டியனின் வெப்பு நோய் தீர சம்பந்தர் ‘மந்திரமாவது நீறு’ என்று பாடியது உன் மாமியாரின் சொந்த ஊரான மதுரையில்தானே. ஆனால் கலா, ராமேஸ்வரத்தில் மாமாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த அன்று அவர் முகம் இருந்த இருப்பு எனக்கு மறக்கவில்லை. அவர் நினைப்பது அந்தச் சாம்பலை. அதனால் அவரிடம் வாதாடாதே. பூஜை அறைச் சுவரை மட்டும் அவர் கேட்கிற செங்கல்லிலேயே கட்டிக் கொடு, என்ன குறைந்துவிடும்? எப்படியும் சிமெண்டிலும் சாம்பல்தான் வரப்போகிறது. மூட்டையில் பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்ட்) என்று போட்டிருந்தால் அதில் 35 சதவீதம் வரைகூட இருக்கலாம். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலில் சுண்ணாம்பு கலந்து கட்டியவை கடல் தண்ணீரில் 2000 வருஷமாக நிற்கின்றன. உன் மாடிக்கு ஒன்றும் ஆகாது.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம் இருக்கிற செப்பாக்கம் பக்கம் போயிருந்தேன். அதிலிருந்து எனக்கு வேறு பேச்சே வரவில்லை, வீட்டில் எல்லோரும் அலுத்துப்போய்விட்டார்கள். இப்போது உன் முறை.

நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கப்பலேறி எண்ணூர் வருவது அப்படிப்பட்ட கரிதான். புகையோடு பறக்கிற நயமான தூளை மின்தகட்டில் ஒட்டவைத்துப் பிடித்து உலர்வாகவே எடுத்தால் சிமெண்ட்காரரும் கல் போடுகிறவரும் வந்து வாங்கிப் போவார்கள். உன் கல் அந்தத் தூளில் செய்தது. மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளத்துக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் பட்டுப் படிந்த சாம்பலுக்கு அந்த மவுசு கிடையாது. பள்ளம் நிரப்பவும் ரோடு போடவும் கொஞ்சம் போகும், மற்றது அங்கேயே கிடக்கும். அந்தக் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றின் மேலேயே போகின்றன. வருஷக்கணக்காக அவை ஒழுகி, ஆறு தூர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

ஓதம் வற்றிய நேரத்தில் ஆற்றின் கரையோரம் கால் வைத்தேன். மேலே மெல்லிய சேறு, அதற்குக் கீழே பவுடர் மாதிரி சாம்பல். கால் கணுக்கால் வரை போயிற்று. காலைக் கழுவினாலும் ரேகைகளில் வெள்ளை நிற்கிறது. இருளர் பெண் ஒருவர் தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் எடுத்துக்கொண்டிருந்தார், கழுத்தில் பறி தொங்கியது. சேறு இருந்தால்தான் இறால் தங்கும், சாம்பலில் எதுவும் தங்காது என்றார். பிள்ளைகள் யாரும் பேசவில்லை. செப்பாக்கத்தில் மத்தியானக் காற்று கிளம்பியதும் வீட்டு ஜன்னல்களைச் சாத்தினார்கள். சோற்றுப் பானைக்கு மேல் ஈரத்துணி போட்டார்கள்.

நம் ஆயா அடுப்புச் சாம்பலை என்ன பாடு படுத்துவார், நினைவிருக்கிறதா? பாத்திரம் விளக்க, விரால் மீன் கையில் வழுக்காமல் பிடிக்க, அவரைக்கொடியில் அசுவினி வந்தால் தூவ, கத்தரி விதையில் கலந்து வைக்க. எல்லாவற்றுக்கும் உலர்ந்த சாம்பல்தான். டால்டா டின்னில் போட்டு மூடி, ஈரக்கையோடு தொட்டால் முதுகில் ஒன்று வைப்பார். கையில் காசாக வேண்டிய பொருளில் தண்ணீரை ஊற்றி, ஆற்றின் தலையில் கட்டியதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. உலர்வாக எடுப்பது புது வித்தை ஒன்றும் இல்லை. முழுச் சாம்பலையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று 2021 டிசம்பர் 31-இல் வந்த அறிவிக்கையும் சொல்கிறது. அது குழாய் வாயில் நடக்கிறதா என்று யாராவது நின்று பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, சரசு அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. மாடித்தோட்டத்துக்கு மின் நிலையச் சாம்பல் மூட்டை கேட்டாராமே, கூடவே கூடாது. விறகுச் சாம்பலில் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) சுண்ணாம்புச் சத்தும் இருக்கும், செடிக்கு ஆகும். நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும், கூடவே கொஞ்சம் ஆர்சனிக், ஈயம், பாதரசம். கல்லில் இறுகிக் கிடப்பது வேறு, கீரை வேரில் கலப்பது வேறு. அவருக்கு விறகுச் சாம்பல்தான் வேண்டுமென்றால் எங்கள் தெரு இட்லிக் கடையில் சொல்லி ஒரு பை வாங்கி வைக்கிறேன்.

கல் எங்கே வாங்கினாலும் சாம்பல் எந்த நிலையத்திலிருந்து, உலர்வாக எடுத்ததா என்று கேட்டு எழுது. பிள்ளைகள் ஒரு பட்டியல் போடுகிறார்கள், அதில் உன் சூளைக்காரரையும் சேர்க்க வேண்டும். சூளை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், விட்டுவிடு. நிலை வைக்கிற நாளை முன்கூட்டியே சொல், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அப்பாவையும் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
புவனா
மீஞ்சூர்